மூன்று வாரம் யாருக்கு? இதய வால்வு சுருங்கிய ஒரு கர்ப்பிணியின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் சமூக சேவையாளராக இருக்கிறேன். கருக்கலைப்பு என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் தாய்க் கட்சி, சிசுக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். இந்தக் குடும்பத்திலும் அந்தப் பிரிவினை இருந்தது. ஆனால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறியது, அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர், வேலை போன்றவற்றை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், கல்யாணமாகி இங்கே வந்து நிரந்தரவாசியானவர். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பராமரிப்புத் துறையில் ஷிஃப்ட் வேலை. செங்காங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மாமியாரும் உடன் இருக்கிறார். பாலர் பள்ளிக்குப் போகும் ஐந்து வயது மகள்.

தலைப்பிரசவம் வழக்கம்போல தாய்வீட்டில் நடந்தது. அப்போதும் மூச்சு வாங்கியிருக்கிறது, ரத்தசோகை என்று சொல்லி டானிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒன்று எட்டாவது வாரத்திலேயே கலைந்துபோனது. இந்த மூன்றாவது கர்ப்பம் அவராக ஆசைப்பட்டுக் கேட்டது. கணவருக்கு ஒன்றே போதும் என்ற எண்ணம், மாமியார் எதிலும் தலையிடவில்லை.

14ஆம் வாரம் வாக்கில் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் மேம்பாலப் படியில் நடுவில் நின்று நின்று ஏற வேண்டியிருந்தது. இரவில் மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம். முதலில் பார்த்த இடத்தில் கணவர்தான் மொழிபெயர்த்தார். முன்பு ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விக்கு மனைவியிடம் கேட்காமலேயே இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இரும்புச்சத்து மாத்திரையோடு திரும்பினார்கள். அடுத்த முறை வேறொரு மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவுடனேயே இதயத்தில் ஒரு இரைச்சல் கேட்கிறது என்று நேரே எங்களிடம் அனுப்பினார். அப்போது 16 வாரம் முடிந்திருந்தது.

கவனித்தவை

எக்கோவில், அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனையில், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சாதாரணமாக அந்த வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். இவருக்கு 0.9. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருந்தது.

வார்டில் நான் போய் உட்கார்ந்து சும்மா ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பழைய விஷயம் வெளியே வந்தது. "சின்னப் புள்ளைல முட்டி ரெண்டும் வீங்கிக் காய்ச்சலா கெடந்தேன். அப்புறம் மாசாமாசம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி இடுப்புல ஊசி போடுவாங்க. வயசுக்கு வந்ததும் போதும்னு நிறுத்திட்டாங்க." வாதக் காய்ச்சல். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோன பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் நோய். மூட்டு ஆறிவிடும், வால்வு மட்டும் வருஷக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொண்டே போகும். மாதாமாதம் போட்டது பென்சிலின் ஊசி. தமிழில் யாராவது ஒருவர் முன்பே கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கர்ப்பம் இதில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கர்ப்பிணியின் இதயம் வழக்கத்தைவிட 30 முதல் 50 விழுக்காடு அதிக ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும், துடிப்பும் வேகமாகும். சுருங்கிய வால்வு வழியாக அவ்வளவு ரத்தம் போகாது, பின்னால் தேங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். சுமை உச்சத்துக்கு வருவது ஏறத்தாழ 28 முதல் 32 வாரத்துக்குள். ஆகவே 16 வாரத்தில் மூன்று தலையணை என்றால் அது தொடக்கம்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டைத் தழுவி இதய மருத்துவர்கள் பயன்படுத்தும் அட்டவணையில் இவர் நான்காம் வகுப்பு. அந்த வகுப்பில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதே அறிவுரை. தரித்துவிட்டால் கலைப்பது பற்றிப் பேச வேண்டும். தாய்க்கு இதயச் சிக்கல் வரும் வாய்ப்பு 40 முதல் 100 விழுக்காடு. சிக்கல் என்றால் மரணம் என்று அர்த்தமில்லை. ஆனால் மரணமும் அதில் அடக்கம்.

சட்டம்

இங்கே 1969இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி 1970 மார்ச்சில் நடப்புக்கு வந்தபோது, பல சூழ்நிலைகளில் ஒரு வாரியம் அனுமதி தர வேண்டியிருந்தது. 1974 சட்டம் அந்த வாரியத்தை எடுத்துவிட்டது. 24 வாரம் வரை பெண்ணின் எழுத்துபூர்வமான சம்மதமும் தகுதிபெற்ற மருத்துவரும் போதும், 16 வாரத்துக்கு மேல் என்றால் மருத்துவருக்குக் கூடுதல் தகுதி வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு ஒரே வழி: தாயின் உயிரைக் காக்க, அல்லது அவருடைய உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான நிரந்தரப் பாதிப்பைத் தடுக்க உடனடியாகத் தேவை என்ற நிலை. முன்கூட்டியே ஆலோசனை கட்டாயம், அதன்பின் 48 மணி நேரம் கழித்துத்தான் கையெழுத்து. 2015 முதல் இந்த ஆலோசனை எல்லாப் பெண்களுக்கும் உண்டு. கணவரின் சம்மதம் எங்கும் கேட்கப்படவில்லை. கலைக்கச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் இல்லை, தடுக்கவும் இல்லை.

17ஆம் வாரம்: முதல் முடிவு

இதய மருத்துவர், மகப்பேற்று மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், நான் எல்லோரும் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். மூன்று வழிகள் சொல்லப்பட்டன. இப்போதே கலைத்துவிட்டு வால்வைச் சரிசெய்வது. மாத்திரையும் ஓய்வுமாகக் கர்ப்பத்தைத் தொடர்வது. அல்லது 20 வாரம் தாண்டியதும் தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வைப் பலூனால் விரித்துவிட்டுத் தொடர்வது, அந்த நேரத்தில் செய்தால் கதிர்வீச்சால் சிசுவுக்கு வரும் ஆபத்து குறைவு.

கணவர் அன்றே கலைக்க வேண்டும் என்றார். போனைத் திறந்து அயர்லாந்தில் 2012இல் இறந்துபோன சவிதா ஹலப்பனவர் பற்றிய செய்தியைக் காட்டினார். சவிதாவுக்கு அப்போது 17 வாரம், கரு தங்காது என்று தெரிந்தும் சிசுவின் இதயம் துடிக்கிறது என்று கலைக்க மறுத்தார்கள், கிருமி ரத்தத்தில் கலந்து இறந்தார். தாய்க்கும் பிறக்காத சிசுவுக்கும் சமமான உயிர் உரிமை என்று 1983இல் அரசியல் சாசனத்தில் எழுதிவைத்த நாடு அது, 2018 வாக்கெடுப்பில்தான் அதை நீக்கினார்கள். "இவளுக்கும் இப்ப 17 வாரம்தான் மிஸ்" என்றார். இங்கே சட்டம் அப்படி இல்லை, யாரும் மறுக்கவும் இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் அவர் காதில் விழவில்லை. பயம்தான், வேறு எதுவும் இல்லை. மாமியார் "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. முதல்ல என் மருமக" என்று மட்டும் சொன்னார்.

மருமகள் எதுவுமே சொல்லவில்லை.

நாங்கள் எடுத்த முதல் முடிவு இதுதான்: அன்றைக்கு எதையும் முடிவு செய்வதில்லை, அடுத்த நாள் அவரிடம் தனியாக, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தமிழில் மொழிபெயர்க்கப் பேசுவது. நானே தமிழ்தானே, ஏன் இன்னொருவர் என்று கேட்டார்கள். நான் அவருக்கு ஆதரவாக இருக்க வேண்டியவள், மருத்துவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டிய வேலையும் என்னிடமே இருந்தால் இரண்டில் ஒன்று கெடும்.

தனியாக இருந்தபோது நிறையப் பேசினார். சாமி, பாவம், கர்மா எதையும் இழுக்கவில்லை, நான் எதிர்பார்த்ததற்கு மாறாக. "இந்தப் புள்ளைய நான்தான் வேணும்னு கேட்டேன் அக்கா. கேட்டுட்டு இப்ப முயற்சியே பண்ணாம வேணாம்னு எப்படிச் சொல்றது?" அதே மூச்சில், தான் செத்துப்போனால் மகளை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டார். தன் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி எங்கள் அறையில் கொஞ்ச நேரம் ஓடியது. இளைய மருத்துவர் ஒருவர், விவரம் புரிந்த நோயாளி ஆபத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தால் நாம் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கலைக்கும் உரிமை பெண்ணுடையது என்று சொல்லிவிட்டுக் கலைக்காமல் இருக்கும் உரிமையை மட்டும் குடும்பத்திடம் கொடுக்க முடியாது.

அவர் பலூன் வழியைத் தேர்ந்தெடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையை அவரே வைத்தார்: பலூன் செய்ய முடியாமல் போனாலோ, மாத்திரையையும் மீறி மூச்சுத்திணறல் வந்தாலோ கலைப்பது பற்றி மறுபடி பேசலாம். அதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதிக் கோப்பில் வைத்தோம். இன்னொன்றும் செய்தோம், இதில்தான் பின்னால் சர்ச்சை வந்தது. 19ஆம் வாரத்திலேயே கட்டாய ஆலோசனையை முடித்துவைத்தோம், கையெழுத்து கேட்காமல். அவசரம் வந்தால் 48 மணி நேரக் கணக்கு அப்போதுதான் தொடங்கக் கூடாதே என்ற யோசனை.

இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, நீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி. இரண்டு வாரம் நன்றாகவே போனது. தலையணை ஒன்றாகக் குறைந்தது.

21ஆம் வாரம்

இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்து இரவோடு இரவாக ஆம்புலன்ஸில் வந்து உயர்கவனிப்புப் பிரிவில் சேர்ந்தார். நிலைமை கொஞ்சம் தெளிந்ததும் பலூனுக்கு முன் உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்தார்கள். இடது மேலறையில் ரத்தக்கட்டி. கட்டி இருக்கும்போது அங்கே குழாயையும் பலூனையும் கொண்டுபோனால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம், பக்கவாதம். பலூன் ரத்து.

திறந்த இதய அறுவை ஒன்று மிச்சம் இருந்தது. கர்ப்பத்தின்போது இதய–நுரையீரல் இயந்திரத்தில் போட்டுச் செய்தால் சிசு இறக்கும் வாய்ப்பு 20 முதல் 30 விழுக்காடு. தாய்க்கு அது பொதுவாக மற்ற நோயாளிகளுக்கு உள்ள அளவு ஆபத்துதான் என்றாலும், இவருடைய நுரையீரல் அழுத்தத்தையும் அன்றைய நிலையையும் பார்த்து அறுவை மருத்துவர் தயங்கினார். வால்வையே மாற்ற வேண்டி வரலாம் என்றும் சொன்னார். உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை, அது பிற்பாடு வரும் கர்ப்பங்களுக்கும் கெடுதல்.

அந்த மூன்று வாரம்

இங்கேதான் கணவர் மாறினார். 20ஆம் வார ஸ்கேனுக்கு அவர்தான் கூடப் போயிருந்தார். திரையில் சிசு கையை முகத்துக்குக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவரால் பழையபடி பேச முடியவில்லை. என்னிடம் கேட்டார்: "இன்னும் மூணு வாரம் தள்ளிட்டா 24 ஆயிடும்ல மிஸ்? அதுக்கப்புறம் வெளிய எடுத்துக்கூடக் காப்பாத்தலாம்னு படிச்சேன். மூணே மூணு வாரம்."

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. தாயின் உரிமை, சிசுவின் உரிமை என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டுகிறது. 24 வாரம் என்பது சட்டத்தின் எல்லை, ஏறத்தாழ அதே இடத்தில்தான் சிசு வெளியே பிழைக்கக்கூடிய எல்லையும் இருக்கிறது. சிசுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த மூன்று வாரம் இல்லாமைக்கும் ஒரு வாய்ப்புக்கும் இடையே உள்ள தூரம். தாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே மூன்று வாரத்தில் ரத்த ஓட்டம் இன்னும் கூடும், கட்டி கரைய வாரக்கணக்கோ மாதக்கணக்கோ ஆகும், ஏற்கெனவே ஒருமுறை நீர் கோத்த நுரையீரல். ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் மற்றவரிடமிருந்து எடுத்ததாகவே இருந்தது. 17ஆம் வாரத்தில் அப்படி இல்லை, அப்போது இருவருக்கும் சேர்த்தே ஒரு திட்டம் போட முடிந்தது.

பச்சிளங்குழந்தை மருத்துவரை அழைத்தோம். அவர் எதையும் பூசி மெழுகவில்லை. 24 வாரத்தில் பிறக்கும் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. மூளையில் ரத்தக்கசிவு, நுரையீரல் முதிராமை, கண் பாதிப்பு என்று பலதும் வரலாம், ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நிலைமை மேம்படும். தாய்க்கே பிராணவாயு குறைவாக இருக்கும்போது சிசுவின் வளர்ச்சியும் குன்றும், அதனால் கணக்கில் 24 என்று வந்தாலும் அந்த 24 மற்றவர்களுடைய 24 மாதிரி இருக்காது என்றார். 24ஐத் தாண்டிய பிறகு தாயின் நிலை மோசமானால் கைவிட மாட்டோம், சட்டமும் தடுக்காது, ஆனால் அப்போது உயிர் போகும் நிலையில் இருக்கும் ஒருவருக்குப் பிரசவம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை மகப்பேற்று மருத்துவர் சேர்த்துச் சொன்னார். இதைக் கேட்டதும் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மனைவியை மறுபடி தனியாகப் பார்த்தோம், அதே மொழிபெயர்ப்பாளர். தான் எழுதிவைத்ததை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். உங்களை அது கட்டுப்படுத்தாது, மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை சொன்னோம். ஒரு இரவு அவகாசம் கேட்டார். மறுநாள் காலையில் சொன்னது இது:

"எல்லாரும் எனக்காகப் பேசுறீங்க, இதுக்காகப் பேசுறீங்க. நான் பெத்த ஒண்ணு வீட்ல இருக்கு. அதுக்கு யாரு பேசுறா?"

இரண்டு உரிமைகளைத் தராசில் வைப்பதாகவே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பதை எங்கள் குறிப்புகளில் "மகள், வயது 5" என்ற ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை. அன்று அவர் கையெழுத்துப் போட்டார்.

22ஆம் வாரம்

உயர்கவனிப்புப் பிரிவிலேயே, இதயக் கண்காணிப்போடு, மருந்து கொடுத்து வலி வரவைத்தார்கள். தாதி ஒருவர் தன் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று முன்பே தலைமைத் தாதியிடம் சொல்லியிருந்தார். சட்டமே அதற்கு இடம் தருகிறது, தாயின் உயிரைக் காக்கவோ அவருக்குக் கடுமையான நிரந்தரப் பாதிப்பு வராமல் தடுக்கவோ உடனடியாகத் தேவைப்படும் நிலை மட்டும் விதிவிலக்கு. சத்தமில்லாமல் பணிப்பட்டியலை மாற்றினார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவரை வழக்கம்போலப் பார்த்துக்கொண்டவர்களில் அந்தத் தாதியும் உண்டு. நோயாளிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிசுவைப் பார்க்க அவர் விரும்பவில்லை. கணவர் பார்த்தார்.

அதன்பின்

மூன்றாம் நாள் அவருக்குப் பால் கட்டிக்கொண்டது. இத்தனை நிபுணர்கள் சுற்றி நின்று வால்வு, கட்டி, சட்டம் எல்லாம் விளக்கினோமே, இந்த வாரத்தில் இழந்தாலும் பால் சுரக்கும் என்பதை அவரிடம் சொல்வது யாருடைய பட்டியலிலும் இல்லை. நெஞ்சு கனத்து வலித்ததும் இதயம்தான் மறுபடி ஏதோ ஆகிறது என்று பயந்து அழைப்பு மணியை அழுத்தியிருக்கிறார். மாமியார்தான் பார்த்தவுடனே புரிந்துகொண்டு, மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பால் நிற்க மாத்திரை அதற்கப்புறம் வந்தது.

ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தில் மூன்று மாதத்தில் கட்டி கரைந்தது. பலூன் செய்தார்கள், வால்வு 1.7 வரை திறந்தது. இப்போது மேம்பாலத்தில் நிற்காமல் ஏறுகிறார். மாதாந்தர பென்சிலின் மறுபடி தொடங்கியிருக்கிறது. கட்டி வந்தவர் என்பதால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம் என்று கையில் பொருத்தும் கருத்தடைச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தார்.

வீடு அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. முதலில் கலைக்கச் சொன்னதும் தான்தான், பிறகு வேண்டாம் என்றதும் தான்தான் என்பது கணவரைத் தின்றுகொண்டிருந்தது. அவருக்குத் தனியாக ஒரு ஆலோசகரை ஏற்பாடு செய்தோம், இரண்டு மூன்று முறை போய்விட்டு நிறுத்திவிட்டார். மகளிடம் பாப்பா வரவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை

கர்ப்பிணியின் பழைய நோய் விவரத்தைக் குடும்பத்தார் மூலம் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. முதல் சந்திப்பிலேயே, போன் வழியாகவாவது, வெளியாள் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் "இதய நோய் உண்டா" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "சின்ன வயதில் மூட்டு வீங்கியதா, மாதாமாதம் ஊசி போட்டார்களா" என்று கேட்க வேண்டும். எங்கள் பிரிவில் இந்தக் கேள்வியைப் படிவத்திலேயே சேர்த்துவிட்டோம். பால் சுரப்பதும் இப்போது தாதியரின் பட்டியலில் உண்டு. மயக்க மருந்து நிபுணர் இன்னொன்று சொன்னார்: 17ஆம் வாரத்திலேயே உணவுக்குழாய் எக்கோ பார்த்திருக்கலாமே என்று. அப்போது இதயத் துடிப்பு சீராக இருந்தது, ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியும் தொடங்கியாயிற்று, கட்டி அதற்குப் பிறகு வந்திருக்கலாம் என்கிறார் இதய மருத்துவர். அதில் யார் சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆலோசனையை முன்கூட்டியே முடித்ததுதான் இன்னும் தீராத விவாதம். ஒரு சகாவின் வாதம்: தொடர விரும்புகிறேன் என்று சொன்ன பெண்ணிடம் கலைப்பது பற்றிய ஆலோசனையைக் கொண்டுபோனதே ஒரு தள்ளுதான், நிபந்தனையை எழுதிவாங்கியது இன்னொரு தள்ளு. நியாயமான கவலை, நான் ஒதுக்கவில்லை. அவரிடமே இதைக் கேட்டேன். அந்தத் தாளை வாசிக்கச் சொன்ன அன்று அதில் இருந்தது தன் பேச்சு மாதிரியே இருந்தது என்றும், மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது முதல் தடவையாக யோசிக்கச் சொல்லியிருந்தால் கணவர் முகத்தைப் பார்த்து ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டியிருப்பேன் என்றும் சொன்னார். சகா இதற்கும் மசியவில்லை, முடிவு எடுத்த பிறகு யாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார். அடுத்து இப்படி ஒருவர் வந்தால் ஆலோசனையை எப்போது வைப்பது என்பதை நோயாளியிடமே கேட்டு, அவர் சொன்ன தேதியைக் கோப்பில் எழுதுவது என்ற அளவில் இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.